கதவில் ஒட்டிய மஞ்சள் காகிதம்

எனக்கு வாய் நீளம். இருங்காட்டுக்கோட்டையில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்த்த காலத்திலேயே அப்படித்தான். சூப்பர்வைசர்கள் என் மேஜைப் பக்கம் வருவதற்கு முன் ஒரு முறை யோசிப்பார்கள். ஆள்குறைப்பு வந்தபோது முதல் பட்டியலிலேயே நான் இருந்தேன். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, எனக்கும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒரு பிராணிகள் நல அமைப்பில் கள விசாரணைக்குச் சேர்ந்தேன். நாய் பூனைகளிடம் எப்படிப் பேசினாலும் அவை மேலிடத்தில் புகார் செய்யாது என்று அப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

வேலை இதுதான். போன் வரும். பூட்டின வீட்டுக்குள் நாய் கத்துகிறது என்பார்கள், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் யாரோ அட்டைப்பெட்டியில் பூனைக்குட்டிகளை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பார்கள். போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, படிவத்தில் எழுதி, தேவைப்பட்டால் போலீசைக் கூட்டிவந்து, பிராணியை மீட்டுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் என் பகுதி. இந்தப் பக்கம் விட்டுப்போகும் நாய்களுக்குப் பஞ்சமே இல்லை. கான்ட்ராக்ட் முடிந்தால் ரூமைக் காலி செய்வார்கள். மினி வேனில் அடுப்பு ஏறும், பாய் ஏறும், பிளாஸ்டிக் வாளி கூட ஏறும், நாய்க்கு மட்டும் இடம் இருக்காது. மெயின் ரோடு வரை வேன் பின்னாலேயே ஓடிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து பழைய வாசலிலேயே படுத்துக்கொள்ளும் நாய்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்கள் மேல் ஒரு வெறுப்பு வந்துவிட்டது. யார் வீடு பூட்டியிருந்தாலும் ஓடிப்போய்விட்டான் என்றுதான் முதலில் தோன்றும்.

பூட்டிய வீடுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. பூட்டை உடைத்தால் அத்துமீறல் ஆகிவிடும். காத்திருந்தால் உள்ளே இருப்பது செத்துப்போகும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் நான்தான். கம்பெனியில் சரிபார்த்த பெட்டியை மூடி, மூடியின் விளிம்பில் மஞ்சள் சீல் ஒட்டுவோம். அதே மாதிரி, பாதி கதவிலும் பாதி நிலையிலும் படும்படி ஒரு மஞ்சள் காகிதப் பட்டையை ஒட்டுவது, அதில் தேதியும் என் போன் நம்பரும் எழுதுவது, மறுநாள் வந்து பார்ப்பது. பட்டை அப்படியே இருந்தால் கதவை யாரும் திறக்கவில்லை, போலீசையும் வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு உடைக்கலாம். கிழிந்திருந்தால் ஆள் வந்து போயிருக்கிறார், கேஸ் முடிந்தது. அமைப்பில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. இரண்டு மூன்று முறை, காகிதத்தைப் பார்த்துப் பயந்துபோய் உரியவர்களே போன் செய்து மன்னிப்புக் கேட்டார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

அந்தச் சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் போன் செய்தார். ஒரகடம் பக்கத்து ஊர் ஒன்றில் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர். கீழே தெருவைப் பார்த்த ரூமில் தனியாக இருக்கிற கம்பெனிக்காரர் புதன்கிழமை காலை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, உள்ளே நாய் இருக்கிறது என்றார். நான் பத்து மணிக்கு அங்கே இருந்தேன். ஒரே கேட், கீழே வாடகை ரூம்கள், பின்பக்கம் வீட்டுக்காரரின் சொந்த வீடு. எல்லோரும் அந்த ரூம் வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"புதன்கெழம ராத்திரிலர்ந்து ஜன்னலாண்ட ஆளு போனாலே கத்துது மேடம். அந்தப் பையன் அப்டி விட்டுட்டுப் போற ஆளு இல்ல. இன்னா ஆச்சுன்னு தெர்ல," என்றார் அந்தப் பெண்.

"எல்லாரையும் ஆரம்பத்துல அப்படித்தான் சொல்வாங்க," என்றேன்.

ஜன்னல் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். வெள்ளை நிறத்தில் ஒரு வயதான பொமரேனியன், முகவாய் முடியெல்லாம் பழுப்பேறியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து ஜன்னலுக்குக் கீழே நின்று குரைத்தது. கம்பி வழியாகப் பேப்பர் கப்பில் தண்ணீரை விட்டுக் கயிற்றால் இறக்கினேன். மூன்று கப் குடித்தது. இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் உள்ளே போட்டேன். நாய் தெம்பாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை, சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். அவர் மனைவியிடம் குடியிருப்பவரின் போன் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். ஓடிப்போகிறவர்கள் முதலில் செய்வது அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். மாடிப் பெண்ணிடம் சாயங்காலம் ஒரு முறை தண்ணீர் இறக்கச் சொல்லிவிட்டு, கதவில் மஞ்சள் பட்டையை ஒட்டிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கே போலீசைக் கூட்டி வந்திருக்கலாம். எங்கள் முறை அது இல்லை என்று இருந்துவிட்டேன். அந்த முறையை உண்டாக்கினவளே நான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனபோது பட்டை கிழிந்திருந்தது. பாதி கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது, மீதியைக் காணோம். பூட்டு பழையபடி தொங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. எனக்குச் சந்தோஷம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு திருப்தி. ஐயா வந்திருக்கிறார், காகிதத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார், நாயைத் தூக்கிக்கொண்டு பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். இருந்தாலும் கடமைக்குக் குறை வைக்கக் கூடாது என்று கதவை மூன்று முறை தட்டினேன். குரல் கொடுத்தேன். உள்ளே சத்தமே இல்லை.

பின்பக்கம் வீட்டுக்காரரின் வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே ஏதோ விசேஷம் போல, பட்டுப்புடவைகள் நடமாடின. நல்ல நேரத்தில் போய் நாய் விவகாரம் பேச வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். வாழ்நாளில் எத்தனையோ இடத்தில் நாகரிகம் பார்க்காதவள், பார்த்திருக்கவே கூடாத ஒரு இடத்தில் பார்த்தேன். மாடிப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். குன்றத்தூரில் அம்மா வீட்டுக்குப் போகிறார், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார்.

"வந்துட்டாரா மேடம்? ராத்திரி நான் தண்ணி எறக்கினப்பகூட யாரும் இல்லியே."

"காலைல வந்திருப்பார். பேப்பர் கிழிஞ்சிருக்கு பாருங்க," என்றேன்.

அவரும் நம்பிக் கிளம்பிப் போனார். படிவத்தில் 'உரிமையாளர் வந்து அழைத்துச் சென்றார்' என்று எழுதி மூடினேன்.

இதில் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் சீல் கிழிந்த பெட்டி வந்தால் என்ன செய்வோம்? லைனுக்குத் திருப்பி அனுப்பி, பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பார்ப்போம். கிழிந்த சீலுக்கு அங்கே ஒரே அர்த்தம்தான், உள்ளே என்ன இருக்கிறதென்று இனிமேல் தெரியாது. பதினொரு வருஷம் அதைச் செய்த கைதான் இது. வெளியே வந்ததும் அதைத் தலைகீழாக்கி, கிழிந்தால் எல்லாம் சரி என்று ஒரு சட்டம் போட்டுவிட்டேன். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை.

புதன்கிழமை காலை மாடிப் பெண் மறுபடியும் போன் செய்தார். நேற்று இரவே ஊரிலிருந்து வந்துவிட்டாராம். "கீழ வூட்ல வாடை வர்து மேடம்," என்று மட்டும் சொன்னார்.

ஏட்டு ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் சுத்தியல் கொண்டுவந்து பூட்டை உடைத்தார். கதவு முழுதாகத் திறக்கவில்லை. நாய் கதவுக்குப் பின்னாலேயே, கீழ் இடுக்கில் மூக்கை வைத்தபடி கிடந்தது. குளியலறையில் வாளி கவிழ்ந்திருந்தது. என் பேப்பர் கப்புகள் கடித்துக் குதறப்பட்டு ரூமெல்லாம் சிதறிக் கிடந்தன. நான் வெளியே வந்தேன். பிறகு பேச்சு வந்தது, வரக்கூடாத அளவுக்கு வந்தது.

"பேப்பர் கிழிஞ்சிருந்துது, அவன் வந்துதானே போனான்? வந்தவன் நாயை மறுபடி உள்ள போட்டுப் பூட்டிட்டுப் போயிருக்கான்," என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். ஐம்பது வயதிருக்கும், நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு ரூம் கட்டி விட்டிருப்பவர். "அவன் வர்ல மேடம். பேப்பர கிழிச்சது நான்தான்," என்றார்.

"நீங்க ஏன் கிழிச்சீங்க?"

"சனிக்கெழம என் பொண்ண பொண்ணு பாக்க வந்தாங்க. இந்த வாசல தாண்டித்தான் உள்ள வரணும். போன வருசம் பக்கத்துத் தெருல ஒரு பையன் ரூம்ல தூக்கு மாட்டிகினான். அப்பதான் போலீசு இதே மாரி கதவுல பேப்பர் ஒட்டி சீல் வெச்சாங்க. வர்றவங்க கண்ணுல மொதல்ல அது பட்டா இன்னா நெனைப்பாங்க? சாவு உழுந்த வூடுன்னு திரும்பிப் போய்ட மாட்டாங்களா?"

"ஜன்னல்?"

"நாய் வாடை அடிச்சிது. அதயும் தள்ளி சாத்தினேன். கொஞ்ச நேரத்துல நீங்க வந்து கதவாண்ட நின்னுட்டுப் போனத எங்க வூட்ல பாத்தாங்க. நீங்க நாய தூக்கிகினு போய்ட்டீங்கன்னுதான் நெனச்சோம்."

ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பது. வெளியிலிருந்து தள்ளிச் சாத்தலாம், கொக்கி போட முடியாது. நான் ஒரு விரலை வைத்து இழுத்திருந்தால் திறந்திருக்கும். சனிக்கிழமை அந்த ஜன்னலுக்கு ஓரடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர், முகத்துக்கு நேரே நின்று காரணம் சொல்கிறார். என்மேல் கோபப்படலாம், அதற்கு நான் தயாராக இல்லை. மீதி இருந்தது ஒரே ஆள்தான், அந்த இடத்தில் இல்லாத ஆள். இல்லாதவன் தலையில் கட்டுவதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. ரூமுக்குள் கொடியில் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. பாத்திரத்தில் அரிசி இருந்தது. மாதக் காலண்டரில் வருகிற ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு 'தடுப்பூசி' என்று எழுதியிருந்தது. ரூமைக் காலி செய்து ஓடுகிறவன் நாய்க்குத் தடுப்பூசித் தேதி குறித்து வைப்பானா? எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அன்று மத்தியானமே அவர் பேரில், வளர்த்த நாயைப் பூட்டி வைத்துவிட்டுத் தலைமறைவானவர் என்று ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தேன். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கதவின் படத்தைப் போட்டு, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டேன். இல்லை என்று நிறையப் பேர் பதில் போட்டார்கள். அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். குன்றத்தூருக்கு வெளியே இருக்கிற எங்கள் காப்பகத்து வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஊன்றுகோலை முதலில் கீழே வைத்து, பிறகு காலை வைத்து, மெதுவாக இறங்கினார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே கம்பிகள் வெளியே தெரிந்தன. ஒரு கையில் துணிப்பை.

"அக்கா, நாய் விசயமா வந்துருக்கேன்," என்றார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. "ஒரகடத்துக்கிட்ட, மாடி வீட்டுக்குக் கீழ ரூமு. வெள்ள நாயி. நீங்கதான் கூட்டிட்டுப் போனியன்னு வீட்டுக்கார அண்ணாச்சி சொன்னாவ. பய எப்படி இருக்கான்?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து வண்டியில் வரும்போது ஒரகடம் கூட்டு ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று உரசித் தள்ளிவிட்டது. போன் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நினைவு வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா அப்பா கிடையாது, ஊரில் அண்ணன் ஒருவர்தான், அவருக்கே சனிக்கிழமைதான் தகவல் போயிருக்கிறது.

"முழிச்சதும் அவன் நெனப்புதான் வந்துச்சு. கூட வேல பாக்குதவன விட்டு அண்ணாச்சிக்கு போன் போடச் சொன்னேன். பிராணி ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்து கதவுல பேப்பர்லாம் ஒட்டி, நாய கூட்டிட்டுப் போயிட்டாவன்னு சொன்னாரு. அதக் கேட்ட பெறவுதான் எனக்கு ஒறக்கமே வந்துச்சு. பெறவு ரெண்டு மட்டம் போன் போட்டேன். அவியகிட்டயே போய்க் கேளுப்பான்னு வச்சிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை. அப்படி ஒரு போன் வந்ததை வீட்டுக்காரர் புதன்கிழமை என்னிடம் சொல்லவே இல்லை. நாயைப் பரிசோதித்த எங்கள் டாக்டர், அது இறந்தது திங்கள் இரவோ செவ்வாயோ இருக்கும் என்று சொல்லியிருந்தார். இவர் என்னை நம்பித் தூங்கிய நேரத்தில் நாய் கதவுக்குப் பின்னால் உயிரோடு இருந்திருக்கிறது.

துணிப்பையைத் திறந்து பிஸ்கட் பாக்கெட்டுகளை மேஜைமேல் அடுக்கினார். மற்ற நாய்களுக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறார். "இத்தன நாள் சோறு போட்டிருக்கிய. நான் என்ன செய்ய முடியும், இதான் முடிஞ்சிச்சு," என்றார்.

வேறு நல்ல வீட்டில் கொடுத்துவிட்டோம் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நம்புகிற முகம்தான் அது. ஆனால் அவர் அந்த வீட்டு முகவரியைக் கேட்பார், ஊன்றுகோலோடு அங்கேயும் போவார். உண்மையைச் சொன்னேன். பட்டையை ஒட்டியது, வீட்டுக்காரர் கிழித்தது, நான் வந்து பார்த்துவிட்டுப் போனது, புதன்கிழமை கதவைத் திறந்தது. அவர் பேரில் கொடுத்த புகாரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை மறுநாளே போய் வாபஸ் வாங்கினேன், குரூப்பில் போட்டதையும் அழித்தேன். ஆனால் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் அழவில்லை. பிஸ்கட் பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே எனக்காக நானே வாதாட ஆரம்பித்தேன்.

"சும்மா போகல தம்பி. மூணு தடவ கதவ தட்டினேன். கூப்ட்டேன். ஒரே ஒரு தடவ கொரைச்சிருந்தாக்கூட அப்பவே கதவ ஒடச்சிருப்பேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, எனக்கு ஏதோ புரியாததைப் புரியவைக்க வேண்டும் என்பது போல.

"அவனுக்குக் காது கேக்காதுக்கா," என்றார். "ரெண்டு வருசமாவே கெடையாது. ஆள கண்ணால பாத்தாத்தான் கொரைப்பான். ஒங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். எனக்கும் மாடி அக்காவுக்கும் மட்டுந்தான் தெரியும்."

எங்கள் படிவத்தில் ஐந்தாவது வரி, 'பிராணியின் வயது, உடல்நிலை குறித்து அக்கம்பக்கத்தில் விசாரித்த விவரம்' என்பது. வெள்ளிக்கிழமை அந்த மாடிப் பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து, அவர் எதிரிலேயே, அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு அந்தப் படிவத்தை நிரப்பினேன். ஐந்தாவது வரியில் எதையும் கேட்காமல் ஒரு கோடு போட்டிருந்தேன்.